எட்டு போடவா, பிரேக் போடவா? சென்னையில் முதல் பைக் பயிற்சிக்கு எங்கே போவது, என்ன வாங்குவது

சோழிங்கநல்லூர் வரை ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்துபோய் அலுத்துப்போன என் அலுவலகத் தோழி, போன மாதம் ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள். “கியர் வண்டி கத்துக்கலாம்னு இருக்கேன். அண்ணன் நானே சொல்லித்தரேங்கறான். தெருமுனை டிரைவிங் ஸ்கூல்ல பதினஞ்சு கிளாஸ், லைசென்ஸும் நாங்களே பாத்துக்கறோம்ங்கறாங்க. ஒருநாள் சேஃப்டி டிரெய்னிங்னு வேற ஒண்ணு இருக்காம், அதுக்கு ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸ் எல்லாம் போட்டாத்தான் உள்ளயே விடுவாங்களாம். நான் எங்க போறது, எதை வாங்கறது?”

நான்கு வருடம் முன்பு, 34 வயதில், நானும் இதே குழப்பத்தில் இருந்தேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் மூன்றுக்கும் போனேன். முதலில் தம்பி, அப்புறம் டிரைவிங் ஸ்கூல், கடைசியில் ஒருநாள் பயிற்சி. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நடந்த வகுப்பை மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

கட்டணத்தை முதலில் பார்க்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், தப்பு.

முதல் கேள்வி: அங்கே பிரேக் போடச் சொல்லித்தருகிறார்களா? 2023 நவம்பரிலிருந்து சென்னையில் இருசக்கர வண்டிக்கு வேக வரம்பு 50 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30. 50இல் போகும் வண்டி ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. முன்னால் ஒருவர் குறுக்கே வருவதைக் கண் பார்த்து, கை லீவரைத் தொடவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதன்பின் இரண்டு பிரேக்கையும் சரியாகப் போட்டால், காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 15, 16 மீட்டர். மொத்தம் 30 மீட்டர், அதாவது மாநகரப் பேருந்து இரண்டரை நீளம். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் இதற்கு மேல் இன்னும் பத்து மீட்டராவது போகும். அந்தப் பத்து மீட்டருக்குள் ஒரு தண்ணீர் லாரி தாராளமாக நிற்கும்.

இரண்டாவது, வண்டி யாருடையது. அமெரிக்காவில் தொடக்க நிலைப் பயிற்சிக்குப் போனால் பெரும்பாலும் வண்டியைப் பள்ளியே தரும், நாம் கவசங்களோடு போனால் போதும். இங்கே பாதி இடங்களில் நம் வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டும். இன்னும் ஓட்டவே தெரியாத வண்டியைப் பயிற்சி இடத்துக்கு யார் ஓட்டிவருவது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

மூன்றாவது, தரை. தாரா, சிமெண்டா, பொடி ஜல்லியா, மணலா.

நான்காவது, காகிதம். எந்த வழியில் போனாலும் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) இல்லாமல் சாலையில் ஏறக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய், தெரிந்தே வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கும் 5,000. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடும் என்பது அதைவிடப் பெரிய செலவு. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’. பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. பின்சீட்டில் சொல்லித்தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. விண்ணப்பிக்கும்போதே கியர் உள்ள வண்டி என்ற வகையைக் குறிப்பிடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு வாங்கிவிட்டால், பிறகு பைக்குக்கு மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

ஐந்தாவது, கவசம். அவர்கள் என்ன கேட்கிறார்கள், அதற்கு எவ்வளவு ஆகும், பயிற்சி முடிந்த பிறகு அது தினமும் பயன்படுமா.

## தம்பி, அண்ணன், அப்பா: ஞாயிற்றுக்கிழமை மைதானம்

செலவே இல்லாதது என்று நினைத்துத்தான் எல்லாரும் இதில் இறங்குகிறோம். வண்டலூருக்கு அந்தப் பக்கம், பிளாட் போட்டுக் கல் நட்டு, வீடு இன்னும் வராத ஒரு லேஅவுட். காலை ஆறரை மணி. தம்பியின் 150 சிசி வண்டி. அரைமணி நேரத்தில் ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் லீவரைப் பாதி மட்டும் விட்டு வண்டியை ஊர விடுவது, பிடிபட்டுவிட்டது. இதில் வீட்டு ஆட்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, வண்டி இருபது தடவை அணைந்தாலும் மணி பார்க்க மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் மூன்றாவது தடவை அணைந்ததுமே பெருமூச்சு கேட்கும்.

பிரச்சினை அதற்கு அப்புறம். “அக்கா, ஃப்ரண்ட் பிரேக்கை மட்டும் தொடாத, தூக்கி அடிச்சிடும்.” தமிழ்நாட்டில் பைக் கற்ற பாதிப் பேர் கேட்டிருக்கும் வாக்கியம் இது. தொடாதே என்று சொன்னதாலேயே, ஒரு நாய் குறுக்கே வந்தபோது பதற்றத்தில் நான்கு விரலாலும் அதைத்தான் இறுக்கிப் பிடித்தேன். ஹேண்டில் திரும்பியிருந்தது, கீழே பொடி ஜல்லி. வேகம் பதினைந்துகூட இருக்காது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது, நான் உள்ளங்கையை ஊன்றினேன்.

எதிரே இருந்த கிளினிக்கில் நர்ஸ் அம்மா இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தட்டில் போட்டார். எள் அளவில் பதினொன்று. எண்ணியது தம்பி. அவன் எண்ணும்போதே “நான்தான் சொன்னேன்ல” என்றான்.

அவன் சொன்னதில் பாதி சரி என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஜல்லியில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் விழத்தான் செய்யும். ஆனால் நேராகப் போகிற வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது, அங்கேதான் பிடிமானம் கூடுகிறது. ஆகவே தொடாதே என்பது தவறு, மெதுவாக ஆரம்பித்து இறுக்கு என்பதே சரி. இந்த வித்தியாசத்தை நம் வீட்டு ஆசிரியர்கள் யாரும் கற்றதில்லை, அவர்களுக்கும் அவர்கள் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தான்.

மறைமுகச் செலவு: உடைந்த இண்டிகேட்டர், வளைந்த கிளட்ச் லீவர், கிளினிக். என் கணக்கில் மொத்தம் 1,900 ரூபாய். தம்பியின் முகம் தனி.

இது யாருக்குச் சரி? சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு, பொறுமையான ஆள் வீட்டில் இருப்பவருக்கு, முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும். சொல்லித்தருபவரும் நீங்களும் அடிக்கடி சண்டை போடுகிறவர்கள் என்றால் வேண்டாம். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே ஓட்டுகிற கை கிளட்சை வெடுக்கென்று விடும்.

## பேட்டை டிரைவிங் ஸ்கூல்

இங்கே சொல்லித்தருவது வண்டி ஓட்ட அல்ல, எட்டு போட. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கால் ஊன்றாமல் எட்டு போட்டால்தான் லைசென்ஸ், ஊன்றினால் ஏழு நாள் கழித்து மறுபடி வர வேண்டும். அந்த எட்டை இவர்களைவிட நன்றாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நான் போன ஸ்கூலின் மாஸ்டர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்பீஸால் எட்டு வரைந்து, நடுவில் நின்றுகொண்டே சொல்வார்: “கீழ பாக்காதம்மா. வளைவு முடியற எடத்தைப் பாரு. வண்டி தானா வரும்.” இது உலகத்தின் எந்த ஊர் பயிற்சியிலும் சொல்லும் பாடம்தான். கண் போகிற பக்கம் வண்டி போகும்.

ஆனால் அதே மாஸ்டர், “எட்டுல பிரேக்கே வேணாம், ஹாஃப் கிளட்ச்ல விட்டுடு” என்றார். எட்டுக்கு அது சரிதான், அந்த வேகத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் சாயும். பதினைந்து வகுப்பும் முடிந்தபோதுதான் கவனித்தேன், நான் இரண்டாவது கியருக்கு மேலே போனதே இல்லை. முன் பிரேக் லீவரை ஒருதடவைகூடத் தொடவில்லை. லைசென்ஸ் வந்துவிட்டது. மறுநாள் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால் அது வேறு உலகம்.

வண்டி அவர்களுடையது என்பது பெரிய நிம்மதி. ஆனால் அது பெரும்பாலும் பழைய 100 சிசி வண்டியாக இருக்கும், சிலவற்றில் கியர் எல்லாம் ஒரே பக்கம் விழும். உங்கள் வண்டி முதல் கியர் கீழே, மற்றவை மேலே என்ற வகையாக இருந்தால், கால் குழம்பும். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மறைமுகச் செலவு இங்கே ‘லைசென்ஸ் செலவு தனி’ என்ற மூன்று வார்த்தைகளில் இருக்கிறது. மத்திய விதிகளின்படி ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். 150 ரூபாய், அதற்கான தேர்வு 50, ஓட்டுநர் தேர்வு 300, லைசென்ஸ் 200, அதோடு சேவைக் கட்டணம். என்னிடம் பயிற்சிக்கு 4,000 சொல்லிவிட்டு, காகித வேலைக்கு இன்னொரு 2,500 வாங்கினார்கள். எல்.எல்.ஆர். விண்ணப்பத்தை இணையத்தில் நாமே போடலாம், இ-சேவை மையத்திலும் போடலாம். ஒருநாள் லீவு போட முடியாதவருக்கு அந்தக் கூடுதல் பணம் நியாயமாகவே படலாம். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

கவசமா? எதுவும் கேட்க மாட்டார்கள். ஹெல்மெட் இல்லாமல் செருப்போடு வந்த பையன்களையும் ஏற்றினார்கள். அவர்கள் கேட்காததால் நீங்கள் போடாமல் போக வேண்டாம்.

## வீட்டுக்கே வந்து சொல்லித்தருபவர்

பெண்களுக்குச் சொல்லித்தர வீடு தேடி வரும் பெண் பயிற்சியாளர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்கூட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவர்களைச் சொல்வேன். கியர் வண்டி சொல்லித்தருபவர் குறைவு. மணிக்கணக்கில் பணம், நம் நேரத்துக்கு வருவார்கள், நம் தெருவிலேயே கற்கலாம். ஓட்டுவதற்குப் பயந்து நடுங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி

வண்டி நிறுவனங்களும், ரைடிங் கிளப்புகளும், தனிப் பயிற்சியாளர்களும் நடத்துவது. கல்லூரி வளாகத்திலோ, பெரிய பார்க்கிங்கிலோ கூம்புகளை வைத்து, காலை ஆறு மணிக்கு ஆரம்பிப்பார்கள். நிறுவனங்கள் நடத்துவது சில சமயம் இலவசம், மற்றவை சில ஆயிரங்கள்.

நான் போன வகுப்பில் முதல் ஒருமணி நேரம் ஒரே வேலை. முப்பது கிலோமீட்டரில் நேராக வா, கூம்பு வந்ததும் நில். முதலில் பின் பிரேக்கால் மட்டும். எங்கே நின்றதோ அங்கே சாக்பீஸ் கோடு. அடுத்து முன் பிரேக்கால் மட்டும், இரண்டு விரலால், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல ஆரம்பித்து இறுக்கு. இன்னொரு கோடு. அப்புறம் இரண்டும் சேர்த்து. மூன்று கோடுகளையும் பக்கத்தில் நின்று பார்த்தபோது, முதல் கோட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நானே நீட்டிப் படுக்கலாம் போல இருந்தது. தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

மீதி நேரம் நடை வேகத்தில் ஓட்டுவது, தடையைப் பார்த்துச் சட்டென்று விலகுவது, வளைவில் கண்ணை எங்கே வைப்பது. உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அது வேலை செய்யும்போது லீவர் விரலைத் திருப்பித் தட்டும். அதை முதல்முறை சாலையில் உணர்ந்தால் பயந்து கையை எடுத்துவிடுவோம், அங்கே மைதானத்தில் உணர்ந்துவிட வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சிசி வரைக்கும் பெரும்பாலும், ஒரு பிரேக்கைப் போட்டால் இரண்டு சக்கரத்துக்கும் போகும் ‘காம்பி பிரேக்’ இருக்கும்.

குறை இருக்கிறது. கிளட்சே தெரியாமல் போனால் அன்றைய நாள் வீண், பயிற்சியாளருக்கும் எரிச்சல். சொந்த வண்டி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸோ எல்.எல்.ஆரோ கேட்பார்கள். முகம் மூடிய ஹெல்மெட், விரல் மூடிய கிளவுஸ், கணுக்கால் மூடும் ஷூ, ஜாக்கெட், முழங்கால் கார்டு (காப்பு) என்று பட்டியல் வரும். இல்லாவிட்டால் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். பயிற்சிக் கட்டணத்தைவிட இந்தப் பட்டியல்தான் செலவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, தேதி தள்ளிப்போகவும் வாய்ப்புண்டு.

## இருங்காட்டுக்கோட்டை டிராக்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் டிராக், 1990இல் திறந்தது. அதற்கு முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்ததை எங்கள் பெரியப்பா இன்னும் பேசுவார். கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் போன்றவை இங்கே வந்து வகுப்பு எடுத்திருக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது வேண்டவே வேண்டாம். தோல் சூட், டிராக் பூட்ஸ் என்று செலவு எங்கோ போகும், கற்பிப்பது வேகமான வளைவு. நம் பிரச்சினை மெட்ரோ தடுப்புக்கு நடுவில் ஊர்வது.

## ஒரே பார்வையில்

| | வீட்டு ஆள் | டிரைவிங் ஸ்கூல் | வீட்டுக்கு வருபவர் | ஒருநாள் பயிற்சி | டிராக் |
|---|---|---|---|---|---|
| கிளட்ச், கியர் | நன்று | நன்று | மிக நன்று | தெரிந்திருக்க வேண்டும் | தெரிந்திருக்க வேண்டும் |
| எட்டு | சுமார் | மிக நன்று | நன்று | பயன்படும் | இல்லை |
| அவசர பிரேக் | பெரும்பாலும் தவறாக | இல்லை | ஆளைப் பொறுத்து | மிக நன்று | வேகத்துக்கானது |
| வண்டி | அவருடையது | அவர்களுடையது | பெரும்பாலும் நம்முடையது | நம்முடையது | இடத்தைப் பொறுத்து |
| கேட்கும் கவசம் | ஒன்றுமில்லை | ஒன்றுமில்லை | ஹெல்மெட் | முழுப் பட்டியல் | தோல் சூட் வரை |
| மறைந்த செலவு | உடைசல், உறவு | ‘லைசென்ஸ் தனி’ | நாள் நீளும் | கவசம் | எல்லாமே |

## கவசம்: வாங்கவா, இரவல் வாங்கவா

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பைக் பயிற்சி விபத்தைக் குறைக்கிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) 2010ஆம் ஆண்டு ஆய்வு, உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. ஹெல்மெட் விஷயத்தில் அந்தத் தயக்கம் இல்லை. அதே அமைப்பின் 2008 தொகுப்பு, ஹெல்மெட் சாவை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்றது. அதனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பயிற்சியை ஒத்திப்போடுங்கள், நல்ல ஹெல்மெட்டை ஒத்திப்போடாதீர்கள்.

ஹெல்மெட். புது வண்டி வாங்கும்போது ஒன்று சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி, ஆனால் அது உங்கள் தலை அளவுக்கு இருக்காது. பிளாட்பாரத்தில் 350 ரூபாய்க்குத் தொங்குவது போலீஸுக்குக் காட்ட மட்டும். 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை விற்கவே கூடாது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்க்கலாம், கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். முகம் மூடியது 1,500லிருந்து 3,000க்குள் நல்லதாகவே கிடைக்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நான் வாங்கிய கடையில், போட்டுப் பார்த்ததும் கன்னம் இரண்டும் அமுங்கி, பேசினால் உதட்டைக் கடிக்கிற மாதிரி இருந்தது. “ஒரு சைஸ் பெருசா குடுங்கண்ணே” என்றேன். அவர் தரவில்லை. ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார், என் கன்னத் தோல் கூடவே நகர்ந்தது. “இதான் சைஸ். பத்து நாள்ல ஸ்பாஞ்ச் எறங்கிடும்.” பட்டையைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து முன்னால் உருட்டிக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. அன்று அவர் செய்த இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள். கூந்தல் நீளமானவர்கள் கொண்டையோடு போய் அளவு பார்க்க வேண்டாம். கழுத்துக்குக் கீழே தொங்கும் பின்னல்தான் ஹெல்மெட்டுக்குச் சரிவரும். பயிற்சிக்குத் தெளிவான கண்ணாடி போதும், கறுப்பு வேண்டாம். ஹெல்மெட்டை இரவல் வாங்கவே வாங்காதீர்கள். ஒருமுறை அடி வாங்கியது வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே நசுங்கியிருக்கும்.

கிளவுஸ். என் பதினொரு கல்லுக்குப் பிறகு இதற்கு இரண்டாவது இடம். 1,500 ரூபாய்க்கு உள்ளங்கையில் தோலும், விரல் முட்டியில் கார்டும் உள்ளது கிடைக்கும். விழும்போது எல்லாரும் கையைத்தான் ஊன்றுவோம். போட்டுக்கொண்டு பிரேக் லீவரைப் பிடித்துப் பாருங்கள், விரல் நுனியில் தொங்கினால் வேண்டாம்.

முழங்கால் கார்டு. ஜீன்ஸுக்கு மேலே கட்டுவது, 1,500 முதல் 3,000. மைதானத்தில் விழும் வேகத்துக்கு ஜாக்கெட்டைவிட இதுதான் அதிகம் உழைக்கும்.

ஷூ. பூட்ஸ் 6,000 ரூபாயில் தொடங்கும், முதல் மாதத்துக்குத் தேவையில்லை. கணுக்கால் எலும்பை மூடும் கெட்டியான எந்த ஷூவும் சரி. லேஸை உள்ளே செருகுங்கள், கியர் லீவரில் மாட்டினால் கால் ஊன்ற முடியாது. தொழிற்சாலை சேஃப்டி ஷூ வேண்டாம், முனையில் இரும்பு இருப்பதால் கியர் விழுந்ததே காலுக்குத் தெரியாது. எது போட்டாலும் இடது ஷூவின் முனை கியர் லீவர் பட்டுக் கறுத்துப்போகும், ஆகவே வெள்ளை வேண்டாம்.

ஜாக்கெட். இதில்தான் சென்னைக்காரர்கள் திணறுகிறோம். தோள், முழங்கை, முதுகில் கார்டு உள்ள மெஷ் (வலைத்துணி) ஜாக்கெட் 5,000லிருந்து 10,000. மெஷ் என்றால் காற்று வரும் என்பார்கள், வண்டி ஓடினால்தான் வரும். பயிற்சியில் பாதி நேரம் வெயிலில் நின்று கேட்கிறோம், மீதி நேரம் பத்து கிலோமீட்டரில் ஊர்கிறோம். கத்திரி வெயிலில் அது அடுப்பு. ஜனவரி, பிப்ரவரியில் வகுப்பைப் பதிவு செய்யுங்கள். அது முடியாவிட்டால் உள்ளே டீ-ஷர்ட்டை நனைத்துப் போடுங்கள், பேச்சு நடக்கும்போது நிழலில் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், இரண்டு லிட்டர் தண்ணீரும் கொஞ்சம் நீர்மோரும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்கும்போது அதன்மேல் ஈ.என். 1621 (ஐரோப்பியத் தர எண்) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள், 1 அல்லது 2 என்று தரநிலை இருக்கும். வெறும் ஸ்பாஞ்சைத் தைத்து விற்பதும் உண்டு.

ஜாக்கெட்டை மட்டும் இரவல் வாங்கலாம், அளவு சரியாக இருந்தால். நான் தம்பியுடையதைப் போட்டுக்கொண்டு போனேன், முழங்கை கார்டு மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. பயிற்சியாளர் ரப்பர் பேண்டு கொடுத்தார். துப்பட்டா, தொளதொள பேண்ட், இரண்டும் வேண்டாம், சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் அவை மிகவும் பிடிக்கும்.

கூட்டிப் பார்த்தால் ஹெல்மெட், கிளவுஸ், முழங்கால் கார்டு, ஏற்கெனவே இருக்கும் ஷூ, ஜீன்ஸ்: 4,500லிருந்து 7,500க்குள் முடியும். தினமும் ஓட்டும்போதும் இவை எல்லாம் பயன்படும். ஜாக்கெட்டை வெயில் தணிந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

## வகுப்புக்கு முந்தின நாள்

டயர் காற்று, செயின் தளர்வு, இரண்டு பிரேக்கும். உட்கார்ந்து விரலை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, லீவர் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். வராவிட்டால் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் லீவரைச் சரிசெய்துவிடுவார். வண்டியை எஞ்சின் இல்லாமல் தள்ளி, திருப்பி, ஸ்டாண்டு போட்டுப் பழகுங்கள். முதல் நாள் அவமானம் எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

## சரி, யாருக்கு எது

வீட்டில் பொறுமையான ஆளும் வண்டியும் இருந்தால்: எல்.எல்.ஆர். வாங்கிய கையோடு அவரிடம் இரண்டு வாரம், கிளட்சும் கியரும் மட்டும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு டிரைவிங் ஸ்கூலில் எட்டுக்கு மட்டும் நான்கைந்து வகுப்பு கேளுங்கள், பேசினால் தருவார்கள். லைசென்ஸ் வந்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டு ஒருநாள் பயிற்சி. அதற்குள் உங்களுக்குக் கேள்விகள் சேர்ந்திருக்கும், தப்பும் பழகியிருக்கும், திருத்த அதுதான் சரியான நேரம்.

வண்டியே இல்லை, வீட்டில் யாரும் இல்லை என்றால் ஸ்கூல்தான் தொடக்கம், வேறு வழி தேட வேண்டாம். பயம் அதிகம் என்றால் வீட்டுக்கு வருபவர். ஏற்கெனவே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குச் சாலை தெரியும், கிளட்ச் மட்டும்தான் புதிது. அவர்கள் கியர் வகைக்கு எல்.எல்.ஆர். போட்டு, ஒரு வாரம் பழகிவிட்டு, நேரே ஒருநாள் பயிற்சிக்குப் போகலாம்.

தோழி முதல் வழியை எடுத்தாள். அண்ணனிடம் ஒரு நிபந்தனை வேறு போட்டாளாம்: முன் பிரேக்கைப் பற்றி நீ வாயே திறக்கக் கூடாது. போன திங்கட்கிழமை லிஃப்டில் அவளைப் பார்த்தேன். காலில் புது ஷூ, பழுப்பு நிறம். இடது முனையில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் தடம்.

“மூணாவது கியர் வரைக்கும் வந்தாச்சு” என்றாள்.